தட்டின் ஆயுளும் ஒலியின் ஆயுளும்

1860ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், பாரிசில் அச்சுத் தொழிலில் இருந்த எதுவார் லெயோன் ஸ்காட், விளக்குப்புகை படிந்த தாளில் தன் குரலின் அதிர்வைக் கோடாக வரையவைத்தார். ஒரு நாட்டுப்பாடலின் சில நொடிகள் அதில் இருந்தன. ஒலியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை. அதைத் திரும்பக் கேட்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. 148 ஆண்டுகள் கழித்து, 2008இல், அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தத் தாளைக் கணினியில் ஏற்றிப் பாடலைக் கேட்டுவிட்டார்கள். இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் உண்டு. என்றென்றைக்கும் குறையற்ற ஒலி என்ற முழக்கத்தோடு 1982இல் சந்தைக்கு வந்தது சிடி. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் அச்சான சிடிகளில் ஒரு பகுதி, சில ஆண்டுகளிலேயே வெண்கல நிறத்துக்கு மாறிப் பாழாயிற்று. கேட்பதற்கென்றே எண்ணாத புகைத்தாள் ஒன்றரை நூற்றாண்டு தாண்டியது. நிரந்தரம் என்று விற்ற தட்டு ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டவில்லை. ஒலிப்பதிவைச் சேமிக்க எது நீடித்த ஊடகம் என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. தட்டின் ஆயுள் வேறு, ஒலியின் ஆயுள் வேறு என்பதை ஊடகங்களின் வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகிறது. முதலாவது வேதியியல் கணக்கு. இரண்டாவதைத் தீர்மானிப்பது, காலாகாலத்தில் படியெடுக்க யாராவது இருக்கிறார்களா என்பதுதான்.

வேதியியலிலிருந்தே தொடங்கலாம். எடிசன் 1877இல் வெள்ளீயத்தாளில் பதித்த ஒலி, ஊசி சில தடவை ஓடியதும் தேய்ந்துபோனது. அடுத்து வந்த மெழுகு உருளைகளுக்குப் பகை பூஞ்சை. ஈரமான அறையில் வைத்தால் அது மெழுகையே தின்று ஒலித்தடத்தில் வெள்ளைப் புள்ளிகளாகப் படரும். 1912இல் எடிசன் நிறுவனம் செல்லுலாய்டு உருளைகளைக் கொண்டுவந்தது. மேற்பரப்பு உறுதியானதுதான், ஆனால் உள்ளே வைத்த பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சி உப்பியது. இந்த வரிசையில் எதிர்பாராத அளவுக்கு நிலைத்து நின்றது அரக்குத் தட்டு. சோட்டா நாக்பூர்க் காடுகளின் அரக்குப் பூச்சி கொடுத்த பிசினோடு கல்பொடியும் கரியும் கலந்து அழுத்திய 78 சுற்று இசைத்தட்டுகள் அவை. கீழே விழுந்தால் உடையும், ஊசி பட்டால் தேயும். ஆனால் தானாக மக்குவதில்லை. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பதிவுகளை இன்றும் கேட்க முடிகிறது. மேலை நாடுகள் கைவிட்ட பிறகும் இந்தியாவில் 1960களில் 78 சுற்றுத் தட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன. பூச்சியின் பிசினும் கல்பொடியும் சேர்ந்த அந்தப் பழைய கலவை, பின்னால் வந்த பல நவீனப் பொருள்களைவிட நல்ல நிலையில் இருக்கிறது.

அரக்குத் தட்டின் வெற்றியில் இன்னொரு காரணமும் கலந்திருக்கிறது: அது ஆயிரக்கணக்கில் அச்சானது. ஒன்று உடைந்தால் வேறொரு வீட்டுப் பரணில் இன்னொன்று இருக்கும். ஒற்றைப் படியாகவே பிறந்த பதிவுகளின் கதி வேறு. 1930களிலிருந்து வானொலி நிலையங்கள் பயன்படுத்திய உடனடித் தட்டுகள் அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசியவை. பூச்சு இளகலாக இருக்க ஆமணக்கெண்ணெய் சேர்த்தார்கள். உலகப் போரில் அலுமினியம் கிடைக்காதபோது கண்ணாடித் தகட்டுக்கு மாறினார்கள். காலப்போக்கில் எண்ணெய் சிதைந்து வெள்ளைப் பிசுக்காக வெளியேறுகிறது, பூச்சு சுருங்குகிறது, அடியிலிருக்கும் உலோகம் சுருங்குவதில்லை, ஒருநாள் பூச்சு சுவர்ச் சுண்ணாம்பு போலப் பெயர்ந்துவிடுகிறது. நேரடி ஒலிபரப்புகள், உரைகள், களப்பதிவுகள் என்று வேறெங்கும் படி இல்லாதவை எல்லாம் இந்தத் தட்டுகளில்தான் இருந்தன. கடையில் விற்ற பாட்டுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. யாரும் விற்காத குரலுக்குக் கிடைக்கவில்லை. 1948இல் வந்த வினைல் எல்பி தட்டு இவை எல்லாவற்றையும்விட உறுதியானது என்பதில் ஐயமில்லை. அதுவும் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்பதற்கான பொருள். ஒரு கிராமத்துப் பாட்டியின் தாலாட்டை வினைலில் அழுத்த யாரும் முன்வரவில்லை.

அந்தத் தாலாட்டைப் பிடித்தது காந்த நாடா. 1935இல் ஜெர்மனியில் அறிமுகமான மேக்னடோபோன் கருவி, பிறகு 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட் என்று அது ஊரெங்கும் பரவியது. நாடாவின் வரலாற்றில்தான் ‘புதியது நீடிக்கும்’ என்ற நம்பிக்கை பலமாக அடிவாங்கியது. ஆரம்பகால நாடாக்களின் அடித்தளம் செல்லுலோஸ் அசிட்டேட். ஈரமும் வெப்பமும் பட்டால் அதிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரியும்; பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். பிரிந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுவதால், ஒருமுறை தொடங்கிவிட்டால் வேகம் கூடிக்கொண்டே போகும். இதற்கு மாற்றாக வந்த பாலியஸ்டர் நாடா இழுத்தாலும் எளிதில் அறாதது. எனவே நிரந்தரமானது என்று நம்பினார்கள். பழுது வேறிடத்தில் கிளம்பியது. 1970களிலும் 80களிலும் முன்னணி நிறுவனங்கள் தயாரித்த சில நாடாக்களில், காந்தத் துகளை அடித்தளத்தோடு ஒட்டிவைத்த பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்தது. ஓடவிட்டால் நாடா கீச்சிடும், கருவியின் ஹெட்டில் பழுப்புப் பிசினாகப் படியும். அப்படிப்பட்ட நாடாவை ஏறத்தாழ 50 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்கில் சூடேற்றினால் சில வாரங்களுக்கு ஓடும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். நன்றாகப் பராமரித்த 1950களின் நாடாக்களோ சிரமமின்றி ஓடுகின்றன. சென்னை, கொழும்பு போன்ற கடலோர நகரங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். நாடாவுக்கு உகந்த ஈரப்பதம் 40 விழுக்காட்டை ஒட்டியது. இந்த நகரங்களின் காற்றில் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட மிகுதியாகவே ஈரம் இருக்கிறது.

கேசட்டின் கதை இதன் கிளைக்கதை. நீண்ட நேரம் ஓட வேண்டும் என்பதற்காக நாடாவை மெலிதாக்கினார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 18 மைக்ரான் தடிமன்; நூற்றிருபது நிமிடக் கேசட்டில் அதில் பாதி. அதிக நேரம் கொடுத்த கேசட்டே சீக்கிரம் சிக்கியது, நீண்டது, ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் கசிந்தது. ஓர் அங்குலத்தில் எவ்வளவு அதிகமாக அடைக்கிறோமோ அவ்வளவு குறைவாக அது தாங்கும் என்ற போக்கு நாடாவிலிருந்து ஹார்ட் டிஸ்க் வரை தெரிகிறது. பதிவுசெய்யும் சிடி-ஆர் தட்டில் ஒலி இருப்பது ஒரு மெல்லிய சாயப்படலத்தில். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். பலரும் தட்டின் பளபளப்பான அடிப்பக்கத்தையே காப்பாற்றுவார்கள். உண்மையில் அந்தப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பாலிகார்பனேட் கவசம் இருக்கிறது. பெயரெழுதும் மேற்பக்கத்தில் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு மட்டுமே. ஹார்ட் டிஸ்க் இன்னும் நுட்பமான பொருள். ஓடாமல் அலமாரியில் கிடந்தாலும் பழுதாகும். ஆவணச் சேமிப்புத் தொழிலில் இருக்கும் அயர்ன் மவுண்டன் நிறுவனம், இசை நிறுவனங்கள் ஒப்படைத்த 1990களின் ஹார்ட் டிஸ்க்குகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று படிக்க முடியாத நிலையில் இருப்பதாக 2024இல் தெரிவித்தது. மின்சாரம் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பென் டிரைவையும் நம்ப முடியாது. அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும்.

பழுதடையும் விதமும் மாறிவிட்டது. தேய்ந்த இசைத்தட்டில் இரைச்சலுக்கு நடுவே பாடகரின் குரல் கேட்கும். வினிகர் வாடை வரும் நாடாவிலும் பேச்சு புரியும். டிஜிட்டல் ஊடகம் கடைசிவரை ஒன்றும் காட்டிக்கொள்ளாது. பிழைதிருத்தும் கணக்குகள் சிறு சேதங்களை மறைத்துக்கொண்டே வரும். அவற்றால் தாங்க முடியாத எல்லை வந்ததும் ஒலி ஒரேயடியாக நின்றுவிடும். இதைச் சுட்டிக்காட்டி, அனலாகே மேல், வினைலுக்கே திரும்பலாம் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்லும் குறை உண்மை, முடிவுதான் பொருந்தவில்லை. அனலாக் நாடாவை ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் இரைச்சல் சேரும். பத்தாவது படி முதற்படியின் நிழலாகத்தான் இருக்கும். டிஜிட்டல் கோப்பின் நூறாவது படியும் முதற்படியும் ஒன்றே. ஒரு பிட் பிசகினாலும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். ஊடகம் பலவீனமாகவும் படியெடுத்தல் வலுவாகவும் இருக்கும் முறை அது. அந்த வலிமையைப் பயன்படுத்தாமல் ஒரே டிஸ்க்கில் பூட்டி வைப்பவருக்கு டிஜிட்டலின் தீமை மட்டுமே மிஞ்சும்.

ஊடகம் பிழைத்தாலும் போதாது; கருவி பிழைக்க வேண்டும். ஒலிக்கூடங்கள் ஆவலோடு ஏற்றுக்கொண்ட டாட் என்ற டிஜிட்டல் ஒலிநாடா 1987இல் வந்தது. 2005இல் சோனி அதன் கருவிகளைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. நாடாக்கள் பெட்டியில் இருக்கின்றன, ஓட்டும் சுழல்தலைக் கருவிகளும் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் அருகிவிட்டார்கள். காந்த நாடாவில் இருப்பவற்றை 2025ஐ ஒட்டிப் படியெடுக்காவிட்டால் பெரும்பகுதி நிரந்தரமாக எட்டாமல் போகும் என்று யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் 2019இல் எச்சரித்தது, நாடா அழுகிவிடும் என்பதற்காக மட்டும் அல்ல. ஓட்டக் கருவி இருக்காது என்பதற்காக. கருவியோடு கூடவே அறிவும் வேண்டும். 78 சுற்று என்று நாம் சொல்லும் தட்டுகளில் பல, அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. தொடக்கக் காலத்தில் எழுபதுக்குக் கீழும் எண்பதுக்கு மேலும் சுழன்றவை உண்டு. தவறான வேகத்தில் ஓட்டினால் பாடகரின் சுருதியும் மாறும், காலப்பிரமாணமும் மாறும். ஸ்காட்டின் புகைத்தாளே இதற்குச் சான்று. அதில் அவர் குரலோடு ஓர் இசைக்கவையின் அதிர்வையும் சேர்த்துப் பதித்திருந்தார். அந்த அதிர்வெண்ணைக் கணக்கிட்டதில் நேர்ந்த பிழையால் 2008இல் பதிவு இரு மடங்கு வேகத்தில் ஒலித்தது. பாடியது ஒரு பெண் என்று உலகம் நம்பியது. மறு ஆண்டு கணக்கைத் திருத்தியபோதுதான் அது ஓர் ஆணின் நிதானமான குரல், பெரும்பாலும் ஸ்காட்டின் குரலே, என்று தெரிந்தது.

இந்தப் பாடம் தமிழுக்குப் புதிதல்ல. பனையோலை நம் வெப்பத்திலும் பூச்சியிலும் சில நூற்றாண்டுகள்தான் தாங்கும். சங்கப் பாட்டு எழுதிய முதல் ஓலை எதுவும் நம்மிடம் இல்லை. படியெடுத்ததைப் படியெடுத்ததைப் படியெடுத்த ஓலைகளிலிருந்துதான் உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். படியெடுப்பது நின்ற இடத்தில் நூல்கள் மறைந்தன. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. ஓலையை வாசிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும், சிதைந்த ஏட்டிலும் பாதி வரியாவது கிடைக்கும். டிஜிட்டல் ஒலிக்கு அந்தச் சலுகை இல்லை. மேலும் ஓலை நூற்றாண்டுகள் பொறுக்கும், ஹார்ட் டிஸ்க் சில ஆண்டுகளே பொறுக்கும். ஆகவே ஓலைக்குச் சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை தேவைப்பட்ட உழைப்பு ஒலிக்கு ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுகிறது. பதிலுக்கு, ஏடெழுதுவோரின் கையில் பெருகிய பாடபேதம் டிஜிட்டல் படியில் பெருகுவதில்லை.

அப்படியானால் ஒருமுறை செலவழித்து அழியாத ஊடகம் ஒன்றைச் செய்துவிட்டால் என்ன என்ற மறுப்பு முதலில் எழும். அது முடியாத காரியம் அல்ல. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கமுலாம் பூசிய செப்புத் தட்டு, பாடகி கேசர்பாய் கேர்கரின் குரலைச் சுமந்து விண்வெளியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் போகக்கூடியது. அதைச் செய்தவர்கள் தட்டை மட்டும் அனுப்பவில்லை. ஊசியையும் சேர்த்துவைத்து, எந்த வேகத்தில் எப்படிச் சுழற்ற வேண்டும் என்பதை உறையில் படமாகப் பொறித்தார்கள். உலோகத்தைவிட அந்த உறையின் படமே தட்டின் உண்மையான காப்பு. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் குவார்ட்ஸ் கண்ணாடிக்குள் லேசரால் தரவைப் பொறித்துக் காட்டியிருக்கிறார்கள். அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாங்கும் என்கிறார்கள். கண்ணாடி தாங்கலாம், அதைப் படிக்கத் தனி நுண்ணோக்கியும் கணினி நிரலும் வேண்டும். பெர்லின் ஒலி ஆவணக் காப்பகத்தின் அனுபவம் இங்கே பொருந்தும். 1900இல் தொடங்கிய அந்தக் காப்பகம், மெழுகு உருளைகளிலிருந்து செப்பு எதிரச்சுகள் எடுத்தது. எடுக்கும்போது மூல மெழுகு பாழாகிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தச் சேகரம் லெனின்கிராட் போய், கிழக்கு பெர்லின் வந்து, 1990களில் தாயகக் காப்பகத்தை அடைந்தது. செம்பு அத்தனை அலைச்சலையும் தாங்கியது. ஆனால் எதிரச்சை எந்தக் கருவியிலும் நேரடியாகக் கேட்க முடியாது. அதிலிருந்து புதிய உருளை வார்க்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அந்தக் குரல்கள் மீண்டன. உறுதியான ஊடகம் படியெடுப்பதற்கு அவகாசம் வாங்கித் தரும். படியெடுக்கும் கடமையிலிருந்து அது யாரையும் விடுவிப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: படிதான் முக்கியம் என்றால் மூலத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும்? இடமும் குளிரூட்டலும் செலவாகின்றனவே. இதற்கு விடை அந்தப் புகைத்தாளிலேயே இருக்கிறது. 1900இல் யாராவது அதை நல்ல படம் பிடித்துக்கொண்டு மூலத்தை எறிந்திருந்தால் இன்று கேட்பது கடினமாகியிருக்கும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபரும் துணைவர்களும் உருவாக்கிய ஒளியியல் முறை, ஊசி படாமலே உடைந்த தட்டின் பள்ளங்களைப் படமெடுத்து ஒலியாக்குகிறது. ஒவ்வொரு படியும் அந்தக் காலத்தின் கருவிக்கு எட்டியதை மட்டுமே எடுக்கும். மூலத்தில் மிச்சம் இருக்கும். ஆகவே படியெடுத்தபின்னும் மூலத்தை அது தாங்கும்வரை காப்பதே முறை.

மூன்றாவது மறுப்பு இன்றைக்கு மிகப் பரவலானது: எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டோம், கிளவுட் பார்த்துக்கொள்ளும். 2019இல் மைஸ்பேஸ் தளம், 2003 முதல் 2015 வரை அதில் ஏற்றப்பட்ட பாடல்களைச் சர்வர் மாற்றத்தின்போது இழந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிக்கு மேல் பாடல்கள் என்று மதிப்பிட்டார்கள். அங்கே தீப்பிடிக்கவில்லை, வெள்ளம் வரவில்லை. பழைய பாடல்களைக் காப்பது அந்த நிறுவனத்தின் தொழிலாக இருக்கவில்லை, அவ்வளவுதான். நிறுவனத்தின் சொந்தச் சொத்தாக இருந்தாலும் ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்தே. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகக் கிடங்கு எரிந்ததில் மூல நாடாக்கள் போயின. எத்தனை என்பது இன்றும் சர்ச்சை. உள் ஆவணங்கள் ஐந்து லட்சம் பாடல்கள் என்றதாக 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நிறுவனம் அந்த எண்ணிக்கையை மறுத்தது. 2023இல் பிரிட்டிஷ் நூலகத்தின்மீது நடந்த இணையத் தாக்குதலுக்குப் பின் அதன் ஒலிச் சேகரம் மாதக்கணக்கில் பொதுமக்களுக்கு எட்டாமல் போயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு ஒற்றை இடத்தின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. படிகள் பல இருக்க வேண்டும்; வெவ்வேறு ஊரில், வெவ்வேறு வகை ஊடகத்தில், வெவ்வேறு நிர்வாகத்தின் கீழ் இருக்க வேண்டும். கிளவுட் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

கடைசி மறுப்பு செலவு பற்றியது; இதுதான் உண்மையிலேயே கடினமானது. ஒலி ஆவணக் காப்பகங்கள் விரும்பும் தரத்தில், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒரு மணி நேர ஸ்டீரியோப் பதிவு ஏறத்தாழ 2 ஜிகாபைட் பிடிக்கும். இன்றைய விலையில் அந்த இடம் மலிவு. மனித உழைப்பு மலிவல்ல: ஒரு மணி நேர நாடாவை ஓட்ட ஒரு மணி நேரம் ஆகும், சுத்தம் செய்ய, சுருதி பார்க்க, யார் எங்கே எப்போது பாடியது என்று குறிக்க இன்னும் பல மணி. எல்லாவற்றையும் காக்க முடியாது என்பதும் சரி. ஆனால் இன்று தேர்வு செய்வது யாரும் இல்லை. ஈரப்பதமும் பசையும் கருவிச் சந்தையும் சேர்ந்து தேர்வு செய்கின்றன. பிரான்சில் வெளியாகும் ஒலிப்பதிவுகளை அரசுக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1938லேயே வந்துவிட்டது. இந்தியாவின் 1954ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம் நூல்களுக்கும், பின்னர் சேர்த்த செய்தித்தாள்களுக்கும் இதழ்களுக்கும் மட்டுமே பொருந்தும். இசைத்தட்டும் கேசட்டும் அதில் இல்லை. ஆகவே நம் ஒலி வரலாற்றில் பெரும்பகுதி சேகரிப்பாளர்களின் வீடுகளில் தங்கியது. 1990இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தினர் சேர்த்து வைத்திருந்ததால்தான் ‘யங் இந்தியா’, ‘ஓடியன்’ என்ற நிறுவனங்களின் இசைத்தட்டுகளைப் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு டிஜிட்டலாக்க முடிந்தது. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், தன்னிடம் டிஜிட்டல் அல்லாத படி இருந்தால் அதைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கப் பொது நூலகத்தை அனுமதிக்கிறது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே நுழைய ஆளும் சம்பளமும் வேண்டும்.

எது நீடித்த ஊடகம் என்று ஒரு நூலகமோ வானொலி நிலையமோ குடும்பமோ கேட்டால், நேர்மையான பதில் ஒரு பொருளின் பெயராக இருக்க முடியாது. கேள்வியை இப்படி மாற்றலாம்: இந்தப் பதிவின் எத்தனை படி எங்கெங்கே இருக்கிறது? எந்தக் கருவியில், எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? அடுத்த படியை எந்த ஆண்டு, யார், எந்தப் பணத்தில் எடுக்கப்போகிறார்கள்? பழைய ஏடுகளின் கடைசியில் எழுதி முடித்த நாளையும் எழுதியவர் பெயரையும் குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. ஒலிப்பதிவின் உறையில் அதோடு இன்னொரு நாளையும் குறிக்க வேண்டும்: அடுத்த படி எடுக்க வேண்டிய நாள்.